மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்தும் மனம் ஆறவில்லையே?

வாசகியின் கடிதம் (சுருக்கி வெளியிடப்படுகிறது):

“பதினொரு ஆண்டுகளாக ஒரே ஜெபக்குழுவில் எனக்கு நெருங்கிய தோழியாக இருந்தவரிடம், என் மணவாழ்வின் தொடக்கத்தில் நடந்த ஒரு காரியத்தை, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் சொன்னேன். என் மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, பாரம் தாங்கமாட்டாமல், அவளையும் கணவரையும் விட்டுவிட்டு ஒன்பது நாள் வீட்டைவிட்டுப் போயிருந்தேன். ‘இந்தச் சகோதரியின் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று சொல்லி, அதைத் தோழி வேறு நால்வரிடம் ஜெபக்குறிப்பாகப் பகிர்ந்திருக்கிறார். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து திரும்பிய என் பதின்மூன்று வயது மகள், ‘அம்மா, நான் குழந்தையாக இருந்தபோது என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களாமே?’ என்று கேட்டாள். ‘யார் சொன்னது?’ என்று அதட்டி அடக்கிவிட்டேன். தோழியிடம் கேட்டபோது, ‘ஜெபத்துக்காகத்தானே சொன்னேன்’ என்றார். பிறகு, ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்’ என்று கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார். மன்னித்து மறந்துவிடும்படி மூப்பர்கள் சொல்கிறார்கள். சகோதரனோடு ஒப்புரவாகாமல் பலிபீடத்தண்டை வரக்கூடாது என்ற வசனத்தையும் காட்டுகிறார்கள். மன்னித்துவிட்டேன் என்று எத்தனையோ முறை ஜெபித்துவிட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் அவர் முகத்தைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது. ஐந்து மாதமாகத் திருவிருந்தில் பங்குபெறவில்லை. நான் மாயக்காரியா? தேவன் என்னை மன்னிக்கமாட்டாரா? தோழியோடு பழையபடி பழகித்தான் ஆகவேண்டுமா?”

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் தோழி செய்ததுதான் கண்ணில் நின்றது. இரண்டாம் முறை, மகளை அதட்டி அடக்கிவிட்டதாக நீங்கள் ஒரே வரியில் கடந்துபோயிருக்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பவற்றுக்கு முதலில் பதில் சொல்லவேண்டும் அல்லவா?

உங்களுக்கு நடந்தது சிறிய காரியம் அன்று. நம்பிச் சொன்ன ஒன்றை, அதுவும் வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒன்றை, நால்வரிடம் சொன்னது நம்பிக்கைத் துரோகம். ஜெபக்குறிப்பு என்று பெயர் எழுதி ஒட்டியதால் அது வேறொன்றாகிவிடாது. பெயரையும் விவரத்தையும் சொல்லாமல், ‘என் தோழி ஒருத்திக்காக ஜெபியுங்கள்’ என்று அவர் கேட்டிருந்தால், ஆள் யாரென்று தேவனுக்குத் தெரியாமலா போயிருக்கும்? ‘புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்’ என்கிறது நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம். சபைகளுக்குள் உலவும் பேச்சுகளில் எத்தனை ஜெபக்குறிப்பாகப் பிறந்தவை என்பதை ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவரும் அறிவார்கள். அது தனியாக எழுதப்படவேண்டிய விஷயம்.

வலியின் அளவைக் குறித்தும் நீங்கள் வெட்கப்படவேண்டாம். 55-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தன்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்திருந்தால் சகித்திருப்பேன் என்று சொல்லும் சங்கீதக்காரன், அப்படிச் செய்தவன் தன் தோழன், தன்னோடு இன்பமாக ஆலோசனை பண்ணியவன், தன்னோடுகூடத் தேவாலயத்துக்கு நடந்துபோனவன் என்று சொல்லிச் சொல்லி மாய்கிறான். அடுத்த வசனத்திலேயே, அப்படிப்பட்டவர்களை மரணம் பிடித்துக்கொள்ளட்டும் என்றும் கொதிக்கிறான். அந்தக் கொதிப்பை வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. தேவனுக்கு முன்பாகச் சொல்லப்பட்டதால் அது ஜெபமாகவே இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

இப்போது மன்னிப்புக்கு வருவோம். கர்த்தருடைய ஜெபத்தை மத்தேயு எழுதும்போது ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்கிறார். அதே இடத்தில் லூக்கா ‘எங்கள் பாவங்களை’ என்கிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. ஆகவே மன்னிப்பைக் குறித்து அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு கணக்கேடு விரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மத்தேயு 18-இல் வருகிற இரண்டு கடன்காரர்களின் உவமையும் இந்தக் கணக்கைப் பற்றியதுதான். ஒரு வெள்ளிப்பணம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜா தன் ஊழியன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்து, ஆறு கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராத தொகை. அந்த ஊழியனுக்கு உடன்வேலைக்காரன் தரவேண்டியிருந்தது நூறு வெள்ளிப்பணம். இதைப் பிரசங்கிக்கிறவர்களில் பலர், இரண்டாவது கடனை அற்பக் காசு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி என்பது ஒரு கூலிக் குடும்பத்தின் மூன்று மாதச் சோறு. இயேசு அதை ஒரு பணம் என்றோ இரண்டு பணம் என்றோ சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. பிறர் நமக்குச் செய்த தீங்கு தேவன் நமக்கு மன்னித்ததற்கு முன்னால் சிறியதுதான். ஆனாலும் அது தன்னளவில் மெய்யான கடன், எடுத்தால் கை கனக்கிற கடன் என்பதை அவர் மறைக்கவில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதப்படாத கணக்கை யாராலும் தள்ளுபடி செய்யமுடியாது. எவ்வளவு தரவேண்டியிருந்தது என்று தெரிந்தால்தான், அதைக் கேட்பதில்லை என்று முடிவுசெய்வதற்குப் பொருள் இருக்கும். மன்னித்து மறந்துவிடு என்கிற மூப்பர்கள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், ஏட்டின் பக்கத்தை ஒருவரும் வாசிப்பதற்கு முன்பே கிழிக்கச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே கிழித்துப் பார்த்தீர்கள். அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. ‘ஆண்டவரே, அவரை மன்னித்துவிட்டேன்’ என்று நீங்கள் ஜெபித்தபோதெல்லாம், எதை மன்னித்தீர்கள் என்று சொல்லி ஜெபித்தீர்களா? பெரும்பாலும் நாம் சொல்வதில்லை.

ஆகவே ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு தாளை எடுத்து, தோழி உங்களுக்குச் செய்ததை வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள். ‘என்னை அழித்துவிட்டார்’ என்பது போன்ற சொற்றொடர்கள் வேண்டாம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல எழுதுங்கள். வாக்கை மீறினார் என்பது ஒரு வாக்கியம். நான் கேட்டபோது தவற்றை ஒப்புக்கொள்ளாமல் ஜெபத்தைக் காரணமாகக் காட்டினார் என்பது இன்னொன்று. என் மகளுக்கு நான் சொல்லவேண்டியதை வேறு வாய்களின் வழியாக அவள் கேட்கும்படி ஆயிற்று என்பது மூன்றாவது. மற்றவற்றைவிட இதுதான் உங்களை அதிகமாக வாட்டுகிறது என்று நினைக்கிறேன். எழுதிய பின் ஒருநாள் விட்டுத் திரும்ப வாசியுங்கள். சில வரிகள் அவருடைய கணக்கில் சேராதவை என்று தெரியவரும். பல ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றிய ஒரு மூத்தவர்மீது எனக்கிருந்த மனத்தாங்கலை இப்படி எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. மறுநாள் வாசித்தபோது அதில் ஏறத்தாழ அரைப் பக்கம்தான் அவர் செய்தது. மீதி, அவர் இப்படியெல்லாம் நினைத்திருப்பார் என்று நானே எண்ணிக்கொண்டது. அரைப் பக்கத்தை மன்னிக்க முடிந்தது. மூன்று பக்கத்தை மன்னிக்க என்னால் ஆகியிருக்காது.

உங்கள் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்கும். அந்த ஒன்பது நாட்கள். அவை தோழியின் கணக்கில் இல்லை. இதையும் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுத் தேவனிடம் வாசித்து, ‘இதற்கு ஈடாக அவரிடம் எதையும் பிடுங்கமாட்டேன், இதை உம்மிடம் விடுகிறேன்’ என்று சொல்லுங்கள். விடுதல் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்பைக் குறிக்கப் பெரும்பாலும் வருகிற வினைச்சொல்லுக்கு, விட்டுவிடுதல், போகவிடுதல் என்பதுதான் நேர்ப்பொருள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்னும் இடத்தில் வருவது அதே சொல். பேதுருவின் மாமியைவிட்டு ஜுரம் நீங்கிற்று என்னும் இடத்திலும் அதே சொல். வலையை விடுவது ஒரு நொடியில் முடிகிற காரியம். ஜுரம் அந்த வீட்டில் ஒரே தொடுதலில் நீங்கியது. நம்மில் பலருக்கோ அது விட்டுவிட்டு வந்துதான் தணிகிறது.

நீங்கள் மாயக்காரியா என்ற கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மன்னிப்பைக் குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியல் அறிஞர் எவரெட் வொர்திங்டன், தம் தாயையே ஒரு கொலைக்குப் பறிகொடுத்த கிறிஸ்தவர். தீர்மானத்தால் மன்னிப்பது வேறு, உணர்ச்சிகள் மாறி மன்னிப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பழிவாங்கமாட்டேன், அந்த மனிதரை மனிதராக நடத்துவேன் என்ற தீர்மானத்தை இன்றே எடுக்கலாம். கசப்பு இளகி, அந்த இடத்தில் இரக்கம் ஊறுவதற்குக் காலம் பிடிக்கும். அதற்கு நாள் குறிக்க முடியாது. தீர்மானம் முந்திவிட்டது, உணர்ச்சி பின்தங்கி வருகிறது என்பது உங்கள் நிலை. அதன் பெயர் மாய்மாலம் அன்று. மனத்துக்குள் தோழியின் அழிவைத் திட்டமிட்டுக்கொண்டே வெளியில் கைகுலுக்கிச் சிரித்தால் அதுதான் மாய்மாலம்.

நெஞ்சு படபடப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உடலுக்கு அதன் நினைவுகள் உண்டு. 2001-இல் ஷார்லட் விட்வ்லியட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 71 கல்லூரி மாணவர்களிடம், தங்களைப் புண்படுத்திய ஒரு மெய்யான மனிதரை நினைத்துக்கொள்ளச் சொல்லி அளந்து பார்த்தார்கள். காயத்தைத் திரும்பத் திரும்ப அசைபோட்டபோதும் வன்மம் பாராட்டியபோதும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின, வியர்வை கூடியது, புருவத் தசை இறுகியது. அதே மனிதரை மன்னிப்பதாகவோ, அவரும் ஒரு பலவீனமுள்ள மனிதர்தான் என்றோ எண்ணிப் பார்த்தபோது அந்த ஏற்றம் குறைவாகவே இருந்தது. ஆகவே அவர் முகத்தைக் கண்டதும் வரும் முதல் படபடப்பு உங்கள் கையில் இல்லை. அதற்குப் பின் வரும் ஐந்து நிமிடம் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. அவர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். உங்களுக்குக் கழுத்தில் சூடு ஏறுகிறது. ‘ஜெபத்துக்காகத்தானே சொன்னேன்’ என்ற குரல் காதில் கேட்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் அவரோடு மனத்துக்குள் வழக்காடத் தொடங்காமல், தாளில் எழுதிய அந்த மூன்று வரிகளில் எது இப்போது குத்துகிறது என்று மட்டும் பார்த்து, அந்த ஒரு வரியை மறுபடியும் விடுங்கள். பேதுருவிடம் இயேசு ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது நானூற்றுத் தொண்ணூறு வெவ்வேறு குற்றங்களுக்காகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நடந்தது ஒரே குற்றம்; அது நினைவுக்கு வருவதோ நானூறு முறை.

மறப்பதைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டான். தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்பது அந்தப் பெயரின் கருத்து. மறந்தானா? பதினேழு வயதில் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற சகோதரர்கள், ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டு கழித்துத் தானியம் கேட்டு வந்து நின்றபோது, மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று ஒதுங்கிப்போய் அழுதான். உடனே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவும் இல்லை. இளையவனான பென்யமீனுக்கு ஆபத்து வந்தால் இவர்கள் முன்போலவே விட்டுவிட்டுப் போவார்களா என்று சோதித்து, யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்ததைக் கண்ட பிறகுதான் ‘நான் யோசேப்பு’ என்றான். மறந்துவிட்டவன் சோதிக்கமாட்டான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதற்கும் அப்பால் இருக்கிறது: சமாதானமாகிப் பதினேழு ஆண்டு கூடி வாழ்ந்து, தகப்பன் இறந்ததும், இனி யோசேப்பு பழிவாங்குவானோ என்று அந்தச் சகோதரர்கள் பயப்படுகிறார்கள். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டவர்களுக்கே அதை நம்பப் பதினேழு ஆண்டு போதவில்லை என்றால், கொடுக்கிறவராகிய உங்களுக்கு ஐந்து மாதம் போதவில்லை என்பதில் என்ன வியப்பு?

திருவிருந்து. மூப்பர்கள் காட்டிய வசனம் மத்தேயு 5:23-24. அதை நிதானமாக வாசியுங்கள். ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. சகோதரன்பேரில் உனக்குக் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. குறை யார்மேல் இருக்கிறதோ அவர்தான் எழுந்து போகவேண்டியவர். இந்த வசனம் உங்கள் தோழியைத் தேடிப் போகவேண்டியது. வழிதவறி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. உங்களுக்குரிய வசனம் மாற்கு 11:25: ஜெபம்பண்ண நிற்கையில் ஒருவன்பேரில் யாதொரு குறை இருந்தால் அதை மன்னியுங்கள். அங்கே எங்கும் நடந்துபோகவேண்டியதில்லை; நின்ற இடத்திலேயே செய்யலாம். திருவிருந்தைக் குறித்துப் பவுல் எழுதியதும், தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்பதுதான். சோதித்தறிந்து ஒதுங்கியிரு என்று அவர் எழுதவில்லை. ஆகவே அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். தயக்கமாக இருந்தால் உங்கள் போதகரிடம் முந்தின நாளே நிலைமையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மன்னியாதவர்களுக்கு மன்னிப்பில்லை என்ற மத்தேயு 6:15 உங்களைப் பயமுறுத்துகிறது என்பது எனக்குப் புரிகிறது. அந்த எச்சரிக்கையை நான் தண்ணீர் ஊற்றி நீர்க்கச்செய்ய விரும்பவில்லை, அது கடுமையானதுதான். ஆனால் யாரை நோக்கியது என்று உவமையே காட்டுகிறது. அந்த ஊழியன் உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தான், தவணை கேட்டவனைச் சிறையில் போட்டான். நீங்கள் யாருடைய தொண்டையில் கை வைத்திருக்கிறீர்கள்? பதினொரு ஆண்டு நட்பில் அவருடைய இரகசியங்களும் உங்களிடம் இருக்கும். அவற்றில் ஒன்றையாவது பதிலுக்குப் பதிலாக வெளியே விட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கும் அவர் பெயரையோ குடும்ப விவரத்தையோ நீங்கள் எழுதவில்லை. ஐந்து மாதமாக நெஞ்சு எரிந்தும் வாயைக் காத்திருக்கிறீர்கள். நீங்கள் மன்னிக்கவில்லை என்று வருந்தும் காலம் முழுவதும் உங்கள் நாக்கு மன்னித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பழையபடி பழகவேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் பதில்; இன்னும் சரியாகச் சொன்னால், அது உங்கள் ஒருவரால் முடிவுசெய்யக்கூடியதே அன்று. மன்னிக்க ஒருவர் போதும், ஒப்புரவாக இருவர் வேண்டும். ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது, உங்களால் ஆகாத பங்கு ஒன்று உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அவரே தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று விதமான மனிதர்கள் வருகிறார்கள். முன்பு பாதி வழியில் விட்டுப்போனதால் உடன் ஊழியராகிய பர்னபாவோடு சண்டையே மூளக் காரணமாயிருந்த மாற்குவை, பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லிக் கூட்டிவரச் சொல்கிறார். உறவு முழுதும் திரும்பிவிட்டது. விசாரணையின்போது கைவிட்ட எல்லாரையும் குறித்து, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். மன்னிப்பு உண்டு, உறவைப் பற்றிப் பேச்சில்லை. கன்னானாகிய அலெக்சந்தரைக் குறித்தோ, வெகு தீமை செய்தான், கர்த்தர் பார்த்துக்கொள்வார், ‘நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு’ என்கிறார். பழியைத் தேவனிடம் விட்ட அதே கையால் எச்சரிக்கையையும் எழுதுகிறார். உங்கள் தோழி இம்மூவரில் எந்த இடத்தில் வந்து நிற்கப்போகிறார் என்பது இனி அவர் செய்யப்போவதைப் பொறுத்தது.

அவர் அனுப்பிய செய்தியில் இருக்கும் ‘இருந்தால்’ என்ற சொல்தான் இடையூறு. மனம் புண்பட்டிருந்தால் என்று கேட்கும்போது, குற்றம் செய்கையிலிருந்து நழுவி உங்கள் மனத்தின் மென்மைக்கு மாறிவிடுகிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவனாகிய சகேயு அப்படிப் பேசவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று எண்ணிக்கையோடு சொன்னான். லூக்கா 17:3 உங்களுக்கு உரிமை தருகிறது: சகோதரன் குற்றஞ்செய்தால் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி. கடிந்துகொள்வது என்பது கத்துவது அன்று. அவருக்கு இப்படிப் பதில் எழுதலாம்: ‘உங்கள் செய்தி கிடைத்தது. உங்கள்மேல் பழிவாங்கும் எண்ணம் எனக்கில்லை. தேவனுக்கு முன்பாக உங்களை மன்னிக்கத் தீர்மானித்திருக்கிறேன். ஆனால் நான் புண்பட்டதல்ல இங்கே முதலான காரியம். சொல்லவேண்டாம் என்று கேட்டதை நீங்கள் நால்வரிடம் சொன்னீர்கள். அந்த நால்வரிடமும் நீங்களே போய், அதை நான் சொல்லியிருக்கக்கூடாது, மேற்கொண்டு யாரிடமும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும். நாம் சந்திக்கும்போது வணக்கம் சொல்லிக்கொள்வோம். என் சொந்தக் காரியங்களை இனி உங்களிடம் பேச எனக்குக் காலம் வேண்டும்.’ இதில் கோபமான சொல் ஒன்றுமில்லை, பொய்யான சொல்லும் ஒன்றுமில்லை. அவர் அந்த நால்வரிடமும் போனால், நீங்கள் எதிர்பாராத வேகத்தில் மனம் இளகக்கூடும். போகாவிட்டாலும் உங்கள் மன்னிப்பு செல்லும். நட்பு மட்டும் வாசலில் நிற்கும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: உங்களுக்கு நேர்ந்தது அடி உதை, பாலியல் கொடுமை, மோசடி போன்ற குற்றமாக இருந்தால், மன்னிப்பு என்ற பெயரில் அதை மூடிமறைக்கும்படி எந்தச் சபைத் தலைவரும் கேட்க உரிமையில்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டு, நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்து தம்மைச் சுட்டவரை மன்னித்ததாக அறிவித்தார். 1983-இல் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அந்த மனிதர் இத்தாலியச் சிறையிலிருந்து வெளிவந்தது 2000-இல்தான். மன்னித்தவர் மன்னித்தார், சட்டம் தன் வேலையைச் செய்தது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், புகார் கொடுங்கள். மற்றவற்றை அதன்பின் பேசலாம்.

இனி உங்கள் மகள்.

நான் ஊகித்து எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோழியின் முகத்தைக் கண்டதும் உங்களுக்கு வரும் படபடப்பில் அவர் செய்த துரோகம் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டுக் கதவைத் தாண்டிய அந்த இளம்பெண்ணின் முகமும் அதில் கலந்து தெரிகிறது. அவளை நீங்கள் இன்னும் நேராகப் பார்க்கவில்லை. பதிமூன்று ஆண்டாகப் பூட்டிவைத்திருந்தீர்கள், தோழி கதவைத் திறந்துவிட்டார். பூட்டை உடைத்தது அவருடைய குற்றம். உள்ளே இருந்ததற்கு அவரைக் கடன்காரியாக்கினால் எத்தனை முறை மன்னித்தாலும் கணக்கு தீராது, ஏனென்றால் அது அவருடைய கடனே அன்று. பிள்ளைபெற்ற முதல் ஆண்டில் தாய்மாருக்கு மனச்சோர்வு வருவது மருத்துவம் அறிந்த நோய். அந்த நாட்களில் உங்களுக்கு இருந்தது அதுதானா என்று ஒரு மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். அது நோயோ, பலவீனமோ, இரண்டுமோ, பத்தாம் நாள் நீங்கள் திரும்பி வந்தீர்கள்.

மகள் கேட்டது ‘யார் சொன்னது’ என்ற கேள்வி அன்று. என்னை விட்டுப் போனீர்களா என்று கேட்டாள், பதில் கிடைக்கவில்லை. ஐந்து மாதமாக அந்தப் பதிலை அவளே ஏதோ ஒன்றை வைத்து நிரப்பிக்கொண்டிருப்பாள். ஆகவே முதலில் பேசவேண்டியது தோழியிடம் அன்று, இவளிடம். கணவரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, நீங்களும் மகளும் தனியாக இருக்கும் ஒரு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்ட கேள்வியையே திரும்ப எடுத்துச் சொல்லி, ஆம் என்று தொடங்குங்கள். அப்போது எனக்கு மிகவும் முடியாமல் இருந்தது, ஒன்பது நாள் போயிருந்தேன், நீ செய்த எதனாலும் அல்ல, திரும்பி வந்தேன், அன்று நீ கேட்டபோது அதட்டியது என் தவறு, என்னை மன்னித்துக்கொள் என்று, அவ்வளவு போதும். ‘இருந்தால்’ என்ற சொல் அதில் வரவேண்டாம். அவள் அழலாம், கோபப்படலாம், ஒன்றும் சொல்லாமல் எழுந்து தன் அறைக்குப் போகலாம். உடனே மன்னித்தேன் என்று அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

தோழிக்கான பதிலை அதற்குப் பிறகு, அடுத்த வாரத்தில் அனுப்பினால் போதும்.